மெக்கே கோட்டுருவைக் கையால் வரைவது எப்படி

முடிவுறு குலம் ஒன்றின் கேரக்டர் அட்டவணையைக் கணித்து முடித்ததும் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த அட்டவணையிலிருந்து ஒரு கோட்டுருவை வரைய முடியும் என்பதும், வரைந்து பார்த்தால் எண்களில் புலப்படாத பல உண்மைகள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும் என்பதும் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மொன்றியால் நகரின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் மெக்கே, 1979இல் சான்டா குரூஸில் நடந்த மாநாட்டில் பேசி 1980இல் அச்சில் வெளியிட்ட சில பக்கக் கட்டுரை ஒன்றில் இந்தக் கோட்டுருவை முன்வைத்தார். அதனால் அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. நேரியல் இயற்கணிதமும் குலங்களைப் பற்றிய முதல் பாடமும் படித்த ஒருவர், கணினியின் உதவியின்றி, தாளும் பேனாவும் கொண்டே அதை வரைந்து சரிபார்க்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

சொற்களை முதலில் உறுதிசெய்துகொள்வோம். ஒரு குலத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் நேர்மாறுள்ள ஓர் அணியை, குலப் பெருக்கம் அணிப் பெருக்கமாகவே அமையும்படி ஒதுக்கினால், அது அக்குலத்தின் பிரதிநிதித்துவம். சிறிய பிரதிநிதித்துவங்களின் கூட்டாகப் பிரிக்க முடியாதது பகாப் பிரதிநிதித்துவம். அணியின் மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டிக் கிடைக்கும் எண்ணே அந்த உறுப்பில் கேரக்டரின் மதிப்பு. 1896இல் ஃப்ரோபீனியஸ் நிறுவிய கோட்பாட்டின்படி, ஒரு பிரதிநிதித்துவத்தைப் பற்றி நமக்கு வேண்டிய எல்லாவற்றையும் இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. குலத்தில் எத்தனை இணைய வகுப்புகள் உண்டோ அத்தனை பகாப் பிரதிநிதித்துவங்கள் உண்டு. ஆகவே அட்டவணை எப்போதும் சதுரம்.

கோட்டுருவின் வரையறை ஒரே மூச்சில் சொல்லக்கூடியது. குலத்தின் ஒரு பிரதிநிதித்துவத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதை வ என்போம். ஒவ்வொரு பகாப் பிரதிநிதித்துவத்துக்கும் ஒரு முனை வையுங்கள். ப என்ற முனையை எடுத்து, வ, ப இரண்டின் டென்சர் பெருக்கத்தைப் பகாக் கூறுகளாகப் பிரித்தால், அதில் ம என்ற கூறு எத்தனை முறை வருகிறதோ அத்தனை அம்புகளை ப-யிலிருந்து ம-வுக்கு இழுங்கள். கோட்டுரு குலத்தை மட்டும் பொறுத்தது அன்று, வ-வையும் பொறுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரே குலத்துக்கு வ மாறினால் படமும் மாறும்.

டென்சர் பெருக்கம் என்ற சொல்லைக் கேட்டுப் பெரிய அணிகளைப் பெருக்க வேண்டியிருக்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. டென்சர் பெருக்கத்தின் கேரக்டர், இரு கேரக்டர்களை வகுப்புவாரியாகப் பெருக்கிய பெருக்கலே. கூறுகளின் எண்ணிக்கையை அறிய உட்பெருக்கம் போதும்: ஒவ்வொரு வகுப்பிலும் முதல் கேரக்டரின் மதிப்பையும் இரண்டாவதன் இணைக் கலப்பெண்ணையும் பெருக்கி, அதை அவ்வகுப்பில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, குலத்தின் மொத்த உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை முழு எண்ணாகவே வரும். பின்னம் வந்தால் எங்கோ பிழை இருக்கிறது; பெரும்பாலும் வகுப்பின் அளவால் பெருக்க மறந்திருப்பீர்கள், அல்லது கலப்பெண் மதிப்புகள் உள்ள அட்டவணையில் இணைக் கலப்பெண் எடுக்கத் தவறியிருப்பீர்கள்.

முதல் பயிற்சி: மூன்று பொருள்களின் வரிசைமாற்றங்கள்

ஆறு உறுப்புகள் கொண்ட இந்தக் குலத்தில் மூன்று வகுப்புகள்: சமனி ஒன்று, இடமாற்றங்கள் மூன்று, முச்சுழற்சிகள் இரண்டு. இந்த வரிசையில் பகாக் கேரக்டர்களின் மதிப்புகளை எழுதினால், அற்பப் பிரதிநிதித்துவம் 1, 1, 1; குறிப் பிரதிநிதித்துவம் 1, −1, 1; சமபக்க முக்கோணத்தின் சமச்சீர்களாகக் கிடைக்கும் இருபரிமாணப் பிரதிநிதித்துவம் 2, 0, −1. கடைசியானதையே வ என்று கொள்வோம்.

அற்பத்தோடு வ-வைப் பெருக்கினால் வ-வே கிடைக்கிறது. குறியோடு பெருக்கினால் 2, 0, −1, அதுவும் வ-வே. வ-வை வ-வோடு பெருக்கினால் 4, 0, 1. அற்பத்தோடு இதன் உட்பெருக்கம் 4 + 0 + 2 = 6, அதை 6ஆல் வகுத்தால் 1. குறியோடும் அப்படியே 1. வ-வோடு 8 + 0 − 2 = 6, வகுத்தால் 1. ஆக, கூறுகள் மூன்று: அற்பம், குறி, வ. பரிமாணங்களைக் கூட்டினால் 1 + 1 + 2 = 4 சரியாக வருகிறது. படத்தில் வ நடுவில் நிற்கிறது; இருபுறமும் அற்பமும் குறியும் அதனோடு இணைகின்றன; வ-வுக்குத் தன்னோடு தானே இணையும் ஒரு கண்ணியும் உண்டு.

இங்கே அம்புகள் எல்லாம் இருதிசையிலும் சமமாக வந்தன என்பதைக் கவனியுங்கள். வ-வின் கேரக்டர் மதிப்புகள் எல்லாம் மெய்யெண்களாக இருந்தால் எப்போதும் அப்படித்தான். அப்போது அம்புகளை விட்டுவிட்டுக் கோடுகளாகவே வரையலாம். மூன்று உறுப்புகள் கொண்ட சுழற்குலத்தில், ஒன்றின் முப்படி மூலத்தை மதிப்பாகக் கொண்ட ஒருபரிமாணப் பிரதிநிதித்துவத்தை வ-வாக எடுத்தால், கோடுகள் அம்புகளாகவே நிற்கும். ஒரே திசையில் சுழலும் முக்கோணம் கிடைக்கும்.

சரிபார்ப்பு

கோட்டுருவை வரைந்ததும் அதைச் சரிபார்க்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம், இந்தக் கோட்டுருவைப் போலத் தன் சரிபார்ப்பைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் படம் இயற்கணிதத்தில் அரிது. கோட்டுருவின் அண்மை அணியை, அதாவது எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு எத்தனை அம்புகள் என்று காட்டும் அணியை, எழுதுங்கள். அந்த அணியின் ஐகென் மதிப்புகள், வ-வின் கேரக்டர் மதிப்புகளே. அந்த மதிப்புகளுக்குரிய ஐகென் வெக்டர்கள், கேரக்டர் அட்டவணையின் நிரல்களே. இதற்கான நிரூபணமும் ஒரு வரிதான்: டென்சர் பெருக்கத்தின் கேரக்டரை ஒரு குறிப்பிட்ட உறுப்பில் மதிப்பிட்டால் ஒருபுறம் வ-வின் மதிப்பும் ப-வின் மதிப்பும் பெருக்கலாக வரும், மறுபுறம் ப-வின் அண்டை முனைகளின் மதிப்புகள் கூட்டலாக வரும்.

மேலே வரைந்த படத்தில் முச்சுழற்சியின் நிரலை எடுத்து, அற்ப முனையில் 1, குறி முனையில் 1, வ முனையில் −1 என்று எழுதுங்கள். ஒவ்வொரு முனையிலும் அண்டை எண்களைக் கூட்டினால் அற்பத்தில் −1, குறியில் −1, வ-வில் 1 + 1 − 1 = 1 வருகிறது. எழுதிய எண்கள் அனைத்தும் −1ஆல் பெருக்கப்பட்டிருக்கின்றன. அதுவே முச்சுழற்சியில் வ-வின் மதிப்பு.

எல்லா நிரல்களையும் இப்படிச் சோதிக்க நேரமில்லாதபோது இரண்டு விரைவுச் சோதனைகள் உதவும். வ-வின் மதிப்புகளை வகுப்புக்கு ஒன்றாக, இம்முறை வகுப்பின் அளவால் பெருக்காமல், கூட்டினால் கண்ணிகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 2 + 0 − 1 = 1. பலமடிக் கோடுகள் இல்லாத, திசையற்ற படத்தில் அந்த மதிப்புகளின் வர்க்கங்களைக் கூட்டினால், சாதாரணக் கோடுகளின் எண்ணிக்கையின் இருமடங்கோடு கண்ணிகளின் எண்ணிக்கையைச் சேர்த்தது கிடைக்கும்: 4 + 0 + 1 = 5; இரண்டு கோடுகள், ஒரு கண்ணி. ஒரு கோட்டைத் தவறவிட்டாலும் இந்தக் கணக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எந்தப் பிரதிநிதித்துவத்தைத் தேர்வது

வ-வைக் கவனமின்றித் தேர்ந்தால் படம் துண்டு துண்டாகிவிடும். அதே ஆறுறுப்புக் குலத்தில் குறிப் பிரதிநிதித்துவத்தை வ-வாக எடுத்துப் பாருங்கள்: அற்பமும் குறியும் ஒன்றோடொன்று இணைந்து ஒரு துண்டாகவும், இருபரிமாணப் பிரதிநிதித்துவம் ஒரு கண்ணியோடு தனித் துண்டாகவும் நிற்கும். வெவ்வேறு உறுப்புகளுக்கு வெவ்வேறு அணிகளை வ கொடுக்கும்போது மட்டுமே கோட்டுரு ஒரே துண்டாக இருக்கும். வ எந்த உறுப்புகளைச் சமனி அணிக்கு அனுப்புகிறதோ அந்த உறுப்புகள் குலத்தின் எத்தனை வகுப்புகளை நிரப்புகின்றனவோ, அத்தனை துண்டுகளாகக் கோட்டுரு பிரியும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் சமனியும் முச்சுழற்சிகளுமாக இரண்டு வகுப்புகள், துண்டுகளும் இரண்டு. ஒரு குலம் எளிய குலமா என்று தேடுகிறவருக்கு இது நல்ல கருவி: அற்பமல்லாத எந்தப் பகாப் பிரதிநிதித்துவத்தை எடுத்தாலும் படம் ஒரே துண்டாகவே வந்தால், அக்குலத்தில் இடைப்பட்ட இயல்நிலை உட்குலம் எதுவும் இல்லை.

இன்னொரு குறிப்பு. படம் ஒரே துண்டாக இருந்து, குலத்தின் ஏதேனும் ஓர் உறுப்பு வ-வில் சமனி அணியின் எதிர்மமாகச் செயல்பட்டால், படத்தின் முனைகளை இரண்டு நிறங்களால் பூசிவிடலாம். எல்லாக் கோடுகளும் ஒரு நிறத்திலிருந்து மறு நிறத்துக்கே போகும், கண்ணி ஒன்றுகூட இருக்காது. அடுத்து வரும் எடுத்துக்காட்டுகளில் இது பெரிதும் கைகொடுக்கும்.

குவாட்டர்னியன் குலம்

தொடக்கநிலை மாணவருக்கு நான் தரும் முதல் சொந்தப் பயிற்சி இதுதான். ±1, ±ஐ, ±ஜே, ±கே என எட்டு உறுப்புகள். 1, −1 ஆகியவை தனித்தனி வகுப்புகள், மற்ற ஆறும் இரண்டிரண்டாக மூன்று வகுப்புகள். ஒருபரிமாணப் பிரதிநிதித்துவங்கள் நான்கு. மீதமுள்ள ஒன்றின் பரிமாணம், வர்க்கங்களின் கூட்டல் 8 ஆக வேண்டும் என்ற விதியால், 2. அதன் மதிப்புகள் 2, −2, 0, 0, 0. அதையே வ-வாகக் கொண்டால், வ-வின் வர்க்கம் 4, 4, 0, 0, 0. நான்கு ஒருபரிமாணக் கேரக்டர்களோடும் உட்பெருக்கம் 1. வ நடுவிலும் மற்ற நான்கும் அதைச் சுற்றியும் நிற்கும் நான்கு கை நட்சத்திரம் கிடைக்கிறது. வர்க்கங்களின் கூட்டல் 4 + 4 = 8; கோடுகள் நான்கு.

லீ இயற்கணிதம் படித்தவருக்கு இந்த நட்சத்திரம் பழகிய முகம்: லீ இயற்கணிதங்களை வகைப்படுத்தப் பயன்படும் டின்கின் படங்களின் விரிவுற்ற வடிவங்களில் டி4 வகையைச் சேர்ந்தது. இது தற்செயலன்று என்பதே மெக்கேயின் கண்டுபிடிப்பு.

ஈ6 படம் எழும் இடம்

நான்முகியின் சுழற்சிகள் 12. அவற்றை அணிக்கோவை 1 கொண்ட 2×2 யூனிட்டரி அணிகளாக உயர்த்தினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அணிகள் கிடைத்து, 24 உறுப்புகள் கொண்ட இரட்டை நான்முகிக் குலம் உருவாகிறது. இதன் அட்டவணையை முழுதாகத் தெரிந்துகொள்ளாமலேயே கோட்டுருவை வரைய முடியும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. ஆகவே இங்கே சற்று நிதானமாகச் செல்வோம்.

வகுப்புகள் ஏழு, அளவுகள் 1, 1, 6, 4, 4, 4, 4. குலத்தை வரையறுக்கும் 2×2 அணிகளையே வ-வாக எடுத்தால் அதன் மதிப்புகள் முறையே 2, −2, 0, 1, 1, −1, −1. தன்னோடு தன் உட்பெருக்கம் 4 + 4 + 0 + 16 = 24, வகுத்தால் 1; ஆக, வ பகாதது.

அற்ப முனையிலிருந்து தொடங்குங்கள். அதற்கு ஒரே அண்டை வ. அடுத்து வ-வின் வர்க்கம்: 4, 4, 0, 1, 1, 1, 1. அதன் தன் உட்பெருக்கம் 16 + 16 + 16 = 48, வகுத்தால் 2; எனவே அது இரண்டு வெவ்வேறு பகாக் கூறுகளின் கூட்டல். அவற்றில் ஒன்று அற்பம் என்பது உட்பெருக்கத்தில் தெரியும். அதைக் கழித்தால் 3, 3, −1, 0, 0, 0, 0 என்ற முப்பரிமாணக் கேரக்டர் மிஞ்சுகிறது. அதை மு என்போம். இப்போது வ-வை மு-வோடு பெருக்குங்கள்: 6, −6, 0, 0, 0, 0, 0. தன் உட்பெருக்கம் 72, வகுத்தால் 3. மூன்று வெவ்வேறு கூறுகள், ஒன்று வ.

மற்ற இரண்டும் எவை? இந்தக் குலத்துக்குள் குவாட்டர்னியன் குலம் இயல்நிலை உட்குலமாக அமைந்திருக்கிறது; அதனால் வகுத்தால் மூன்று உறுப்புகள் கொண்ட சுழற்குலம் மிஞ்சும். ஆகவே ஒருபரிமாணப் பிரதிநிதித்துவங்கள் மூன்று உண்டு: அற்பம் ஒன்று, ஒன்றின் முப்படி மூலங்களை மதிப்பாகக் கொண்டவை இரண்டு. இந்த இரண்டால் வ-வைப் பெருக்கினால் வேறு இரண்டு இருபரிமாணப் பகாப் பிரதிநிதித்துவங்கள் கிடைக்கும். மு-வோ குவாட்டர்னியன் குலத்துக்கு வெளியே எங்கும் 0 ஆகையால், அதே இரண்டால் பெருக்கினாலும் மாறாது. எனவே வ-வுக்கு மு அண்டையாக இருப்பது போலவே அந்த இரண்டு புதிய முனைகளுக்கும் மு அண்டை. ஒவ்வொன்றின் மறுமுனையிலும் அதற்குரிய ஒருபரிமாண முனை தொங்கும்.

படம் முடிந்துவிட்டது. மு நடுவில், அதிலிருந்து மூன்று கைகள், ஒவ்வொரு கையிலும் பரிமாணம் 2 கொண்ட முனை, அதற்கப்பால் பரிமாணம் 1 கொண்ட முனை. பரிமாண வர்க்கங்களின் கூட்டல் 9 + 12 + 3 = 24. கேரக்டர் மதிப்புகளின் கூட்டல் 0, கண்ணி இல்லை. வர்க்கங்களின் கூட்டல் 12, கோடுகள் ஆறு. இதுவே விரிவுற்ற ஈ6.

எண்முகிக்கும் இருபதுமுகிக்கும் இதே வழியில் போகலாம். அங்கே இன்னும் குறுக்குவழி உண்டு. சமனியின் நிரலும் ஓர் ஐகென் வெக்டர் என்பதால், ஒவ்வொரு முனையிலும் பரிமாணத்தின் இருமடங்கு, அண்டைகளின் பரிமாணங்களின் கூட்டலுக்குச் சமமாக இருக்க வேண்டும். இருபதுமுகியின் 120 உறுப்புக் குலத்தில் 1, 2, 3, 4, 5, 6 என்று கோடு நீண்டுகொண்டே போய், 6இல் இரண்டாகக் கிளைக்கிறது: ஒரு கிளை 4, 2, மற்றொன்று 3 மட்டும். 6இன் இருமடங்கு 12 = 5 + 4 + 3. ஒன்பது எண்களின் வர்க்கங்களையும் கூட்டிப் பாருங்கள், 120 வரும். அது ஈ8. எண்முகியின் 48 உறுப்புக் குலத்தில் நடுமுனை 4. இரு கைகளில் 3, 2, 1 என்றும் மூன்றாவதில் 2 என்றும் வந்து ஈ7 கிடைக்கிறது.

2×2 அணிகளாலான இத்தகைய முடிவுறு குலங்களை ஃபீலிக்ஸ் கிளைன் 19ஆம் நூற்றாண்டிலேயே வகைப்படுத்திவிட்டார்: சுழற்குலங்கள், இரட்டை இருமுகிக் குலங்கள், நான்முகி, எண்முகி, இருபதுமுகி ஆகியவற்றின் இரட்டைக் குலங்கள். மெக்கே காட்டியது, இவை ஒவ்வொன்றின் கோட்டுருவும் முறையே ஏ, டி, ஈ6, ஈ7, ஈ8 வகைகளின் விரிவுற்ற டின்கின் படம் என்பதுதான். அற்ப முனையை அழித்துவிட்டால் விரிவுறாத, வழக்கமான டின்கின் படம் மிஞ்சுகிறது. இதே படம், இருபரிமாணக் கலப்பெண் வெளியை அந்தக் குலத்தால் வகுத்துக் கிடைக்கும் பரப்பின் கூர்புள்ளியைச் சீராக்கும்போது தோன்றும் வளைவரைகள் ஒன்றையொன்று வெட்டும் விதத்தையும் குறிக்கிறது. குலம், லீ இயற்கணிதம், பரப்பின் வடிவியல் என்ற மூன்றும் ஒரே படத்தில் சந்திப்பதை முதன்முறை தன் கையால் வரைந்து காண்பவருக்கு ஏற்படும் வியப்பை வேறெந்த வழியிலும் தர முடியாது என்றே நம்புகிறேன்.

படத்தின் மேல் நடப்பது

வரைந்த கோட்டுருவைச் சுவரில் மாட்டிவைக்காமல் அதைக்கொண்டு கணக்கும் போடலாம். அற்ப முனையிலிருந்து ப என்ற முனைக்கு நான்கு அடியில் செல்லும் பாதைகள் எத்தனையோ, வ-வை நான்கு முறை டென்சர் பெருக்கம் செய்தால் ப அத்தனை முறை வரும். அடிகளின் எண்ணிக்கை எதுவானாலும் இது பொருந்தும்.

இரட்டை நான்முகிக் குலத்தின் படத்தில், அற்ப முனையில் தொடங்கி அங்கேயே திரும்பி வரும் பாதைகளை எண்ணுங்கள். இரண்டு அடிகளில் 1, நான்கு அடிகளில் 2, ஆறு அடிகளில் 6. ஆறு அடிகளுக்கு எளிய வழி: மூன்று அடிகளில் வ-வை 2 விதமாகவும், மற்ற இருபரிமாண முனைகள் இரண்டையும் ஒவ்வொரு விதமாகவும் அடையலாம்; வர்க்கங்களைக் கூட்டினால் 4 + 1 + 1 = 6. நான்முகிக்குப் பதிலாக அணிக்கோவை 1 கொண்ட எல்லா 2×2 யூனிட்டரி அணிகளின் குலத்தையும் எடுத்திருந்தால், படம் கிளையின்றி முடிவில்லாமல் நீளும் ஒற்றைக் கோடாக இருந்திருக்கும். அங்கே எண்கள் 1, 2, 5. ஆறாவது அடியில் மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. அந்தக் கூடுதல் ஒன்றுக்குப் பெயர் உண்டு: ச, த என்ற இரு மாறிகளில், இரட்டை நான்முகிக் குலம் மாற்றாமல் விட்டுவைக்கும் முதல் பல்லுறுப்புக் கோவை சத(ச⁴ − த⁴); அதன் படி 6. படத்தில் மு-வில் கிளை பிரிவதன் காரணமாகவே இந்தக் கோவை பிறக்கிறது. வ-விலிருந்து மு-வுக்குச் சென்று, வேறு கை ஒன்றுக்குள் நுழைந்து திரும்பி வரும் பாதைகள் இரண்டு; ஒற்றைக் கோட்டில் அவற்றின் இடத்தில் இருப்பது ஒரே பாதை.

அடுத்து நீங்களாகவே செய்து பார்க்க, நான்கு பொருள்களின் வரிசைமாற்றக் குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகாப் பரிமாணங்கள் 1, 1, 2, 3, 3. அற்பத்தைக் கழித்த வரிசைமாற்றப் பிரதிநிதித்துவத்தை வ-வாக எடுங்கள்; சமனி, இடமாற்றம், இரட்டை இடமாற்றம், முச்சுழற்சி, நாற்சுழற்சி என்ற வரிசையில் அதன் மதிப்புகள் 3, 1, −1, 0, −1. கூட்டல் 2 ஆகையால் கண்ணிகள் இரண்டு. வர்க்கங்களின் கூட்டல் 12 ஆகையால், பலமடிக் கோடு எதுவும் வராவிட்டால், கோடுகள் ஐந்து. இந்த இரு எண்களையும் தாளின் மேலே எழுதி வைத்துக்கொண்டு வரையத் தொடங்குங்கள். முடிக்கும்போது முப்பரிமாண முனைகள் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்து, ஒவ்வொன்றும் ஒரு கண்ணியோடு நின்று, இருபரிமாண முனையைப் பொது அண்டையாகக் கொண்டிருந்தால், ஒருபரிமாண முனைகள் ஆளுக்கொன்றில் தொங்கினால், உங்கள் படம் சரி.